மாம்பழம் உருளணுமா, சேலை விரியணுமா? அனிமேஷனுக்கு ஃபிசிக்ஸ் எஞ்சின் தேர்ந்தெடுப்பது எப்படி

சேலத்தில் அனிமேஷன் படிக்கிற பிள்ளைகளும் சரி, சின்னதாக ஸ்டூடியோ போட்டு விளம்பரப் படம் செய்கிறவர்களும் சரி, என்னிடம் அடிக்கடி கேட்பது எந்த ஃபிசிக்ஸ் எஞ்சின் நல்லது என்றுதான். ஃபிசிக்ஸ் எஞ்சின் என்றால் பொருள்கள் எப்படி விழும், மோதும், மடியும் என்று கணக்குப் போட்டு அசைய வைக்கும் புரோகிராம். புல்லட் போதுமா, ஃபிஸ்எக்ஸ் வேண்டுமா, ஹூடினிக்கு மாறினால்தான் வேலை சுத்தமாக வருமா என்று கேட்பார்கள். உங்கள் ஷாட்டில் என்ன விழுகிறது, எதன் மேல் விழுகிறது, கேமரா எவ்வளவு கிட்டத்தில் நிற்கிறது, இந்த மூன்றையும் முதலில் சொல்லுங்கள், அப்புறம் எஞ்சினைப் பற்றிப் பேசலாம் என்பேன். மாம்பழத்துக்கு ஒன்று, வெள்ளிக் கொலுசுக்கு ஒன்று, பட்டுச் சேலைக்கு இன்னொன்று. எனக்கு வரும் விளம்பர வேலைகளில் பெரும்பாலும் இந்த மூன்றுதான், கூடவே ஜவ்வரிசி, அப்புறம் ஏற்காட்டு மூடுபனி. அதனால் இவற்றை வைத்தே சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். சாஃப்ட்வேர் வேறு, அதற்குள் ஓடும் எஞ்சின் வேறு. பிளெண்டர், மாயா, ஹூடினி, சினிமா 4டி, த்ரீடிஎஸ் மேக்ஸ் எல்லாம் 3டி படம் செய்யும் சாஃப்ட்வேர். பிளெண்டரில் ரிஜிட் பாடி (வளையாத கெட்டிப் பொருள்) என்று இருக்கிறதே, அதற்குள் ஓடுவது புல்லட். எர்வின் கூமன்ஸ் எழுதியது, ஓப்பன் சோர்ஸ், 2015இல் ஆஸ்கர் வழங்கும் அகாடமி இதற்காக அவருக்குத் தொழில்நுட்ப விருது கொடுத்தது. மாயாவில் புல்லட் என்ற பெயரிலேயே ஒரு பிளக்-இன் உண்டு, அதுவும் இதுதான். ஹூடினியில் கெட்டியான பொருள்களுக்குப் பெரும்பாலோர் எடுப்பதும் இதைத்தான், சினிமா 4டியில் பல வருடம் ஓடியதும் இதுதான். ஆக, பிளெண்டரில் மாம்பழம் ஒழுங்காக உருளவில்லை என்று மாயாவுக்குப் போனால் அங்கேயும் அதே புல்லட்தான் உட்கார்ந்திருக்கும். கோளாறு வேறு எங்கோ இருக்கிறது. த்ரீடிஎஸ் மேக்ஸ் வேறு பாதையில் வந்தது: முன்பு ரியாக்டர் என்ற பெயரில் ஹேவாக், பிறகு மாஸ்எஃப்எக்ஸ் என்ற பெயரில் என்விடியாவின் ஃபிஸ்எக்ஸ். கேம் எஞ்சின்களில் யூனிட்டியின் 3டி பக்கமும் ஃபிஸ்எக்ஸ்தான். அன்ரியல் மட்டும் 5ஆம் பதிப்பில் அதை விட்டுவிட்டு கேயாஸ் என்று சொந்த எஞ்சினை வைத்துக்கொண்டது.

சரி, மாம்பழத்துக்கு வருவோம், ஏனென்றால் கெட்டியான பொருளுக்கு எஞ்சின் பார்க்கும்போது தெரிய வேண்டியது முக்கால்வாசி மாம்பழத்திலேயே தெரிந்துவிடும்.

ஒரு பழக்கடைக்கு விளம்பரம் செய்தேன். ஏற்காடு மலை ரோட்டில், கொண்டை ஊசி வளைவில் திரும்பும் டெம்போவிலிருந்து ஒரு கூடை மாம்பழம் சரிந்து ரோட்டில் உருண்டு வர வேண்டும். முதல் முயற்சியில் பழங்கள் பலூன் மாதிரி மிதந்து இறங்கின. எடை போதவில்லை என்று நினைத்து மாஸை 1 கிலோவிலிருந்து 20 கிலோவாக்கினேன், ஒரு மாற்றமும் இல்லை. எப்படி இருக்கும்? காற்றின் தடையை விட்டுவிட்டால் கல்லும் பழமும் ஒரே வேகத்தில்தான் விழும், மாஸ் என்பது ஒன்றோடொன்று மோதும்போதுதான் வேலை செய்யும். தப்பு அளவில் இருந்தது. 10 செ.மீ. இருக்க வேண்டிய பழத்தை 1 மீட்டருக்கு மாடல் செய்து வைத்திருந்தேன், டெம்போவும் ரோடும் அதே கணக்கில் பத்து மடங்கு. 1 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு பொருள் விழ 0.45 நொடி ஆகும், 24 ஃப்ரேம் கணக்கில் 11 ஃப்ரேம். பத்து மடங்கு பெரிதாக்கிய காட்சியில் அதே உயரம் 10 மீட்டராகிவிடும், விழ 1.43 நொடி, அதாவது 34 ஃப்ரேம். கண்ணுக்கு அது ஸ்லோமோஷன். இதற்கு எந்த எஞ்சினும் மருந்து கிடையாது. எனவே எஞ்சினைக் குறை சொல்வதற்கு முன்னால் பொருளின் உண்மை அளவை டேப் வைத்து அளந்து போடுங்கள், பிளெண்டரில் ஸ்கேலை அப்ளை செய்யுங்கள். இந்த இரண்டையும் செய்தாலே பாதிப் பேருக்கு எஞ்சின் மாற்றும் யோசனையே வராது.

அளவைச் சரி செய்த பிறகும் பழங்கள் கிரிக்கெட் பந்து மாதிரி நேராக உருண்டன. அப்போது ஒரு காரியம் செய்தேன், நீங்களும் செய்யுங்கள். மார்க்கெட்டில் இரண்டு மல்கோவா, இரண்டு கிளிமூக்கு வாங்கி வந்து, சமையலறையில் ஒரு பலகையைச் சாய்த்து வைத்து ஒவ்வொன்றாக உருட்டி போனில் ஸ்லோமோஷனில் எடுத்தேன். மல்கோவா கொஞ்சம் தள்ளாடித் தள்ளாடி உருண்டு போய் நின்றது. கிளிமூக்கு நேராகவே வரவில்லை. ஒரு பக்கம் பருத்தும் மூக்குப் பக்கம் ஒல்லியாகவும் இருப்பதால் வளைந்து அரை வட்டம் போட்டது, மூக்கு பலகையில் தட்டும் ஒவ்வொரு முறையும் பின்பக்கம் லேசாகத் தூக்கிக்கொண்டது, கடைசியில் பக்கவாட்டில் படுத்து இரண்டு மூன்று முறை ஆடி அடங்கியது. அந்த ஆட்டம்தான் பார்க்கிறவருக்கு அது மாம்பழம் என்று சொல்லும். அது வருவதற்கு இரண்டு விஷயம் வேண்டும். ஒன்று, கொலிஷன் ஷேப்பை, அதாவது மோதலுக்கு எஞ்சின் எடுத்துக்கொள்ளும் வடிவத்தை, ஸ்ஃபியர் (உருண்டை) என்று வைக்காமல் கான்வெக்ஸ் ஹல் (பொருளை இறுக்கிச் சுற்றிய உறை) என்று வைக்க வேண்டும். இரண்டாவதைப் பெரும்பாலும் யாரும் சொல்லித் தருவதில்லை: பிளெண்டரில் பொருளின் ஒரிஜின் (அதன் இடத்தைக் குறிக்கும் புள்ளி) எங்கே இருக்கிறதோ அதையே எடையின் மையமாக எடுத்துக்கொள்கிறது. மாடல் செய்யும்போது ஒரிஜின் காம்புப் பக்கம் போயிருந்தால் பழம் தஞ்சாவூர் பொம்மை மாதிரி எழுந்து எழுந்து நிற்கும். ஒரிஜினை வால்யூம் கணக்கில் எடை மையத்துக்கு மாற்றினேன், கிளிமூக்கு கிளிமூக்காக உருண்டது.

அடுத்தது குதிப்பு. பவுன்ஸை எவ்வளவு ஏற்றினாலும் பழம் தொப்பென்று விழுந்து அப்படியே ஒட்டிக்கொள்கிறது என்று கேட்பவர்கள் நிறைய. புல்லட்டில் இரண்டு பொருள் மோதினால் இரண்டின் பவுன்ஸையும் பெருக்கும். ரோட்டின் பவுன்ஸ் 0 என்று இருந்தால் பழத்தில் 1 வைத்தாலும் பெருக்கினால் 0தான். உராய்வுக்கும் அதே பெருக்கல்தான்: இரண்டு பக்கமும் 0.5 இருந்தால் கிடைப்பது 0.25. ஃபிஸ்எக்ஸில் வழக்கமான அமைப்பு இரண்டின் சராசரி, அங்கே அதே 0.5ம் 0.5ம் சேர்ந்து 0.5 ஆகவே நிற்கும். பிளெண்டரில் நன்றாக உருண்ட பழத்தை அதே எண்களோடு யூனிட்டிக்குக் கொண்டுபோனால் தார் ஊற்றின மாதிரி ஒட்டுவதும், அங்கிருந்து இங்கே கொண்டுவந்தால் ஐஸ் மேல் சறுக்குவதும் இதனால்தான். எஞ்சின் மாற்றுவது என்றால் எண்களை முதலிலிருந்து திருத்துவது என்று அர்த்தம், அந்த நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டு மாற்றுங்கள்.

வேகமாக விழும் சின்னப் பொருள்கள் தரையைத் துளைத்துக்கொண்டு போவது இன்னொரு தொல்லை. ஏற்காட்டில் ஒரு பாறை விளிம்பிலிருந்து காபிப் பழம் கொட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள், 20 மீட்டர் ஆழம். கீழே வந்து சேரும்போது வேகம் நொடிக்கு கிட்டத்தட்ட 20 மீட்டர், ஒரு ஃப்ரேமுக்கு 80 செ.மீ.க்கு மேல். பிளெண்டர் ஒரு ஃப்ரேமைப் பத்து சப்ஸ்டெப்பாகப் பிரித்துப் பார்க்கும், ஒவ்வொன்றிலும் பழம் 8 செ.மீ. நகர்ந்துவிடும். காபிப் பழமோ ஒன்றரை செ.மீ.தான் இருக்கும். ஒரு சப்ஸ்டெப்பில் தரைக்கு மேலே, அடுத்ததில் தரைக்குக் கீழே, நடுவில் மோதியதே எஞ்சினுக்குத் தெரியாது. சப்ஸ்டெப்பை 60க்கு ஏற்றினால் நகர்வு 1.4 செ.மீ.க்கு வந்துவிடும், கூடவே தரையை வெறும் பிளேனாக விடாமல் அரை மீட்டர் கனமுள்ள பெட்டியாக வையுங்கள். பழைய வீடியோக்களில் ஒரு நொடிக்கு இத்தனை ஸ்டெப் என்று சொல்வார்கள், இப்போது கணக்கு ஒரு ஃப்ரேமுக்கு, அவர்கள் சொன்ன எண்ணை அப்படியே போட்டுவிடாதீர்கள்.

தட்டுவடை செட் அடுக்கி வைக்கிற ஷாட் ஒன்று வந்தது. அடுக்கு முதல் ஃப்ரேமிலேயே நடுங்கி ஐந்தாவது ஃப்ரேமில் சிதறியது. அடுக்கு என்றாலே புல்லட்டுக்குக் கொஞ்சம் கஷ்டம், அதுவும் லேசான பொருளின் மேல் கனமானது உட்கார்ந்தால் இன்னும் மோசம். டீஆக்டிவேஷனில், தொடக்கத்திலேயே உறங்க வைக்கும் ஆப்ஷனை டிக் செய்தால் எதுவாவது வந்து இடிக்கும் வரை அடுக்கு அசையாமல் நிற்கும். எடைகளையும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் வையுங்கள், கீழே 10 கிராம் மேலே 10 கிலோ என்று வேண்டாம்.

இனி கொலுசு. இங்கேதான் உண்மையாகவே எஞ்சினை மாற்ற வேண்டிய இடம் வருகிறது.

செவ்வாய்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறைகளைப் பார்த்திருப்பீர்கள். முடித்த கொலுசு ஒன்றை உள்ளங்கையில் எடுத்து மெதுவாகத் தட்டில் விடுங்கள். அது குதிக்காது. முதல் கண்ணி தட்டைத் தொட்டதும் அங்கேயே படுத்துவிடும், அதன் மேல் அடுத்தது, அதன் மேல் அடுத்தது, தண்ணீர் ஊற்றுவது போல மடிந்து மடிந்து இறங்கும், மணிகள் மட்டும் கடைசியில் ஒரு கணம் தாமதித்து விழும். ஒவ்வொரு கண்ணியும் பக்கத்துக் கண்ணியோடு உரசி வேகத்தைத் தின்றுவிடுவதால் வரும் நடை அது. இதைப் புல்லட்டில் நூறு வளையங்களை ஒன்றுக்குள் ஒன்று கோத்துச் செய்யப் பார்த்தால் முதல் ஃப்ரேமிலேயே பட்டாசு மாதிரி வெடிக்கும். வளையத்தின் நடுவில் ஓட்டை இருப்பதால் கான்வெக்ஸ் ஹல் உதவாது, மெஷ் ஷேப்தான் (மாடலின் வடிவம் அப்படியே) வைக்க வேண்டும், அசையும் பொருள்களுக்கு மெஷ் ஷேப் மெதுவானது, நடுக்கமும் அதிகம். மார்ஜின் (மோதலைப் பார்க்கப் பொருளைச் சுற்றி விடும் இடைவெளி) வேறு 0.04 மீட்டர் என்று நிற்கும், 4 செ.மீ., உங்கள் வளையமே 4 மி.மீ.தான். புல்லட் நிம்மதியாக வேலை செய்வது ஏறக்குறைய 5 செ.மீ.க்கு மேல் 10 மீட்டருக்குள் இருக்கும் பொருள்களோடு.

காட்சியை 100 மடங்கு பெரிதாக்கி, கிராவிட்டியையும் 9.81இலிருந்து 981 ஆக்கினால் நேரக்கணக்கு கெடாது, மார்ஜின் தொல்லையும் தீரும். ஆனால் துளைத்துக்கொண்டு போகும் தொல்லை தீராது, ஏனென்றால் எல்லாமே ஒரே விகிதத்தில் பெரிதாகிவிட்டது, சப்ஸ்டெப்பை ஏற்றத்தான் வேண்டும். இரண்டு மூன்று வளையம் கிட்டத்தில் தெரியும் ஷாட் என்றால் இப்படிச் செய்யலாம். முழுக் கொலுசு என்றால் நான் செய்ய மாட்டேன். கொலுசைக் கயிறாகப் பாருங்கள். பிளெண்டரில் ஃபேஸ் (பரப்பு) எதுவும் இல்லாத, வெறும் எட்ஜ் மட்டும் உள்ள ஒரு கோட்டுக்கு, துணிக்கான கிளாத் மாடிஃபையர் போட்டால் அது கயிறாகவே நடக்கும், அதைக் கர்வாக மாற்றி ஜியோமெட்ரி நோட்ஸில் வளையங்களை வரிசையாக வைத்துவிடலாம். ஹூடினி இருந்தால் வெல்லம் சால்வரில் (சால்வர் என்பது ஒரு வகை அசைவைக் கணக்குப் போடும் பகுதி) ஹேர் என்ற அமைப்பை எடுங்கள். (வெல்லம் என்று எழுதினால் நம்ம ஊரில் கரும்பு வெல்லம் என்றுதான் படிப்பார்கள், அதனால் வெல்லம் சால்வர் என்றே எழுதுகிறேன்.) வளையங்களை ஒவ்வொன்றாக மோதவிடுவதைவிட இது பல மடங்கு வேகம், பார்க்கிறவருக்கு வித்தியாசமும் தெரியாது.

சேலைக்குப் புல்லட்டை மறந்துவிடுங்கள். துணிக்கு ஒவ்வொரு சாஃப்ட்வேரிலும் தனி சால்வர் இருக்கிறது, இந்த இடத்தில்தான் சாஃப்ட்வேருக்கு சாஃப்ட்வேர் வித்தியாசம் உண்மையாகவே பெரிது. பிளெண்டரின் கிளாத், ஸ்பிரிங்குகளால் கோத்த வலை மாதிரி. மாயாவில் என்கிளாத், அதன் அடியில் ஓடுவது நியூக்ளியஸ், ஜோஸ் ஸ்டாம் வடிவமைத்தது. ஹூடினியின் வெல்லம் சால்வர் 2018இல் 17ஆம் பதிப்போடு வந்தது. துணி, கயிறு, முடி, மணல் எல்லாவற்றையும் ஒரே சால்வரில் ஒன்றோடொன்று மோதவிடலாம் என்பது அதன் பலம். சேலையோடு கொலுசும் சேர்ந்து ஆட வேண்டும் என்றால் அது பெரிய உதவி.

இளம்பிள்ளைப் பக்கத்துச் சேலை ஒன்றைக் காற்றில் விரிக்கிற ஷாட் என்று வைத்துக்கொள்வோம். சேலை ஐந்தரை மீட்டர், அகலம் 1.2 மீட்டர். 2 செ.மீ. கட்டமாகப் பிரித்தால் ஏறக்குறைய 16,500 புள்ளி. 1 செ.மீ. கட்டமாக்கினால் 66,000. கண்ணுக்குத் தெரியும் மடிப்பு எத்தனை சின்னது என்று பார்த்துத்தான் கட்டத்தின் அளவு. தூரத்து ஷாட்டுக்கு 2 செ.மீ. தாராளம், முகத்தருகே முந்தானை வந்தால் 1 செ.மீ. வேண்டும். பிளெண்டரில் மாஸ் என்பது ஒரு புள்ளிக்கான எடை. காட்டன் பிரீசெட்டில் 0.3, சில்க்கில் 0.15. புள்ளிகளை நாலு மடங்காக்கினால் மொத்தச் சேலையின் எடையும் நாலு மடங்காகிவிடும், சேலை ரப்பர் மாதிரி இழுபடத் தொடங்கும். மெஷைப் பிரித்ததும் எடையைக் குறையுங்கள், குவாலிட்டி ஸ்டெப்பை 5இலிருந்து 10, 15 என்று ஏற்றிப் பாருங்கள். மாயாவில் வேறு ஒரு குழி இருக்கிறது: அங்கே ஒரு யூனிட் என்பது 1 செ.மீ., நியூக்ளியஸோ அதை 1 மீட்டர் என்று நினைத்துக்கொள்ளும். ஸ்பேஸ் ஸ்கேலை 0.01 ஆக்காவிட்டால் உங்கள் சேலை கப்பல் பாய் மாதிரி கனமாக, மெதுவாக அசையும். மாம்பழத்தில் பார்த்த அதே அளவுக் கோளாறுதான் இங்கே வேறு பெயரில் வருகிறது.

ஜரிகை பார்டர்தான் சேலையின் உயிர். உடல் பகுதி பறக்கும்போது பார்டர் கொஞ்சம் விறைப்பாக, கனமாக, ஒரு கணம் பிந்தி வரும். பிளெண்டரில் விறைப்பை வெர்டெக்ஸ் குரூப் (புள்ளிகளின் தொகுப்பு) வைத்து இடத்துக்கு இடம் மாற்றலாம், எடையை அப்படி மாற்ற முடியாது. என்கிளாத்திலும் வெல்லம் சால்வரிலும் எடையையும் பெயிண்ட் செய்யலாம். பார்டர் கிட்டத்தில் தெரிகிற ஷாட்டுக்கு இது ஒன்றுக்காகவே நான் பிளெண்டரை விட்டு வெளியே போவேன். கட்டிய சேலையின் கொசுவத்துக்கும் அப்படித்தான். ஏழெட்டு மடிப்பு ஒன்றன் மேல் ஒன்று உட்கார்ந்து நடக்கும்போது பிரிந்து சேர வேண்டும், பிளெண்டரின் செல்ஃப் கொலிஷன் அவ்வளவு அடுக்கைத் தாங்காது, ஒரு மடிப்பு இன்னொன்றுக்குள் புகுந்து மாட்டிக்கொள்ளும். எந்த சால்வராக இருந்தாலும் சேலையைக் கட்டுவதையே சிமுலேஷனில் செய்யப் பார்க்காதீர்கள். கொசுவத்தை மாடலிலேயே மடித்து வைத்து, இடுப்புப் பகுதியை அசையாதபடி பின் குத்தி, அதற்குப் பிறகுள்ள அசைவை மட்டும் சால்வரிடம் விடுங்கள்.

சேகோ விளம்பரம் செய்கிறவர்களுக்கு ஜவ்வரிசி கொட்ட வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 3 மி.மீ. உருண்டை ஒரு லிட்டர் பாத்திரத்தில் சுமார் 40,000 பிடிக்கும். பிளெண்டரில் 40,000 ரிஜிட் பாடி என்றால் விடிய விடிய உட்கார்ந்திருக்க வேண்டியதுதான், கூடவே கொலுசில் பார்த்த அளவுத் தொல்லையும் சேரும். ஹூடினியில் கிரெயின்ஸ் என்று இதற்கென்றே அமைப்பு உண்டு, வருடம் முழுவதும் இந்த மாதிரி வேலை வருகிறவர்கள் அதைக் கற்றுக்கொள்வது நல்ல முதலீடு. எப்போதாவது ஒரு ஷாட் என்றால் குவியலை அசையாத மேடாக மாடல் செய்து, மேற்பரப்பில் உருண்டைகளை இன்ஸ்டன்ஸாக (நகலாக) ஒட்டிவிட்டு, மேலிருந்து விழுந்து சரியும் 2,000 உருண்டைக்கு மட்டும் புல்லட் போடுங்கள். ஷேப் ஸ்ஃபியர், அதைவிட மலிவான கணக்கு எஞ்சினுக்குக் கிடையாது. உள்ளே இருக்கிற மீதி உருண்டைகளைக் கேமரா எப்படியும் பார்க்கப்போவதில்லை.

தண்ணீர், புகை பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிளெண்டரில் 2020 முதல் மாண்டாஃப்ளோ, ஹூடினியில் ஃப்ளிப்பும் பைரோவும், மாயாவில் பைஃப்ராஸ்ட். தண்ணீர் வேலை வாடிக்கையாக வந்தால் ஹூடினி, அவ்வளவுதான் என் கருத்து. மாண்டாஃப்ளோவில் ரெசல்யூஷன் 32 என்று தொடங்கும், 64 ஆக்கினால் கட்டங்கள் எட்டு மடங்கு, 128 ஆக்கினால் அறுபத்து நாலு மடங்கு, இருபது லட்சத்துக்கு மேல் போய்விடும். கிளியூர் அருவி தூரத்தில் தெரிகிற ஷாட்டுக்கு இதெல்லாம் வேண்டாம், பார்ட்டிகிளே போதும். ஏற்காட்டு மூடுபனிக்கோ எஞ்சினே தேவையில்லை. 1,500 மீட்டர் உயரத்தில், சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவில் அது நிற்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது சுழல்வதில்லை, மெல்ல நகரும், அவ்வளவே. வால்யூமில் ஒரு நாய்ஸ் டெக்ஸ்சரைப் போட்டு மெதுவாக ஒரு பக்கம் தள்ளினால் அதே பனிதான். காலையில் ஒரு மணி நேர வேலையை மூன்று நாள் சிமுலேஷனாக ஆக்கிக்கொள்ளாதீர்கள்.

கேம் எஞ்சினில் படம் எடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அன்ரியலின் கேயாஸோ யூனிட்டியின் ஃபிஸ்எக்ஸோ ஓடிக்கொண்டிருக்கும்போதே கணக்குப் போடும்படி செய்யப்பட்டவை, ஆயிரம் செங்கல் சரிவதை உடனுக்குடன் பார்க்க அருமை. ஆனால் நேற்று வந்த சரிவு இன்றைக்கும் அப்படியே வரும் என்று நம்பி இருக்கக் கூடாது. பிடித்த டேக் கிடைத்ததும் ரெக்கார்ட் செய்து கேஷாக, அதாவது கணக்குப் போட்ட அசைவின் சேமிப்பாக, வைத்துக்கொள்ளுங்கள். கோடோ என்ற கேம் எஞ்சினில் 4.4ஆம் பதிப்பு முதல் ஜோல்ட் எஞ்சினும் உள்ளேயே வருகிறது, அடுக்குகள் அதில் உறுதியாக நிற்கின்றன, கோடோ பயன்படுத்துகிறவர்கள் தயங்காமல் அதற்கு மாறலாம்.

இப்போது காசு. பிளெண்டர் இலவசம், விளம்பர வேலைக்கும் இலவசம். ஹூடினி அப்ரெண்டிஸ் கற்றுக்கொள்ள இலவசம், ஆனால் அதில் செய்ததைக் காசுக்குக் கொடுக்க முடியாது, ரெண்டரில் வாட்டர்மார்க்கும் விழும். சின்ன ஸ்டூடியோக்களுக்கு இண்டி லைசென்ஸ் உண்டு, வருட வருமானம் 1 லட்சம் டாலருக்குள் இருக்க வேண்டும். நம்ம ஊரில் பெரும்பாலோர் அதற்குள்தான் வருவோம். மெஷின் வாங்குவதில் ஒரு தப்பு தொடர்ந்து நடக்கிறது: சிமுலேஷன் மெதுவாக இருக்கிறது என்று விலை உயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டு வாங்கிவிடுகிறார்கள். பிளெண்டரின் ரிஜிட் பாடி, கிளாத், மாண்டாஃப்ளோ மூன்றுமே சிபியூவில்தான் ஓடுகின்றன, கார்டு ரெண்டருக்குத்தான் உதவும். வெல்லம் சால்வர் கார்டைப் பயன்படுத்திக்கொள்ளும். எந்த எஞ்சின் என்று முடிவு செய்த பிறகு மெஷினுக்குக் காசைப் போடுங்கள், தலைகீழாகப் போகாதீர்கள்.

கரண்ட் விஷயத்தையும் சொல்ல வேண்டும். ஒரு கோடை இரவில் சேலை சிமுலேஷன் ஒன்பது மணி நேரம் ஓடி முடியும் சமயத்தில் கரண்ட் போனது, யூபிஎஸ் பத்து நிமிஷம் தாங்கியது, நான் தூங்கிக்கொண்டிருந்தேன். டிஸ்க் கேஷை டிக் செய்யாததால் கணக்கெல்லாம் மெமரியில் இருந்தது, காலையில் எதுவும் மிஞ்சவில்லை. கிளாத் கேஷில் டிஸ்க் கேஷ் என்று ஒரு டிக் இருக்கிறது, ஃபைலை சேவ் செய்துவிட்டு அதை முதலில் போடுங்கள். மாண்டாஃப்ளோவில் மாடுலர் என்ற வகையை எடுத்து ரெஸ்யூமபிள் என்பதை டிக் செய்தால் நின்ற இடத்திலிருந்து தொடரலாம். மழைக்காலத்தில் மலைமேல் இருந்து வேலை பார்க்கிறவர்களுக்கு, எந்த சால்வரைத் தேர்ந்தெடுப்பது என்பதில் இதுவும் ஒரு காரணமாகவே இருக்கட்டும்: பாதியில் நின்றால் தொடர முடியுமா, முடியாதா?

கடைசியில் முடிவெடுக்கும் முறை. முழு ஷாட்டை வைத்துச் சோதிக்க வேண்டாம். இரண்டு நொடி, 48 ஃப்ரேம், சாம்பல் நிறத் தரை, உண்மை அளவில் ஐந்தே பொருள். உண்மைப் பொருளைப் போனில் எடுத்த வீடியோவைப் பக்கத்தில் ஓடவிடுங்கள். கையில் இருக்கும் எஞ்சினில் அரை நாள் முயற்சி செய்யுங்கள். முதலில் அளவு, பிறகு எடை மையம், ஷேப், சப்ஸ்டெப், கடைசியில் உராய்வும் பவுன்ஸும், இந்த வரிசையை மாற்றாதீர்கள், ஏனென்றால் அளவு தப்பாக இருக்கும்போது பவுன்ஸைத் திருகினால் எல்லாம் குழம்பிவிடும். அரை நாளில் வீடியோவுக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் அந்த எஞ்சினிலேயே ஷாட்டை முடியுங்கள். வரவில்லை என்றால் எதனால் வரவில்லை என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். அடுக்குத் துணி மாட்டிக்கொள்கிறது, பார்டருக்குத் தனி எடை தர முடியவில்லை, உருண்டைகளின் எண்ணிக்கை தாங்கவில்லை என்கிற மாதிரி குறிப்பான ஒரு வரி வந்தால், அதைச் செய்யத் தெரிந்த சால்வருக்குப் போங்கள். வெறும் சரியா வரலை என்றுதான் எழுத முடிகிறது என்றால் இன்னும் மாற வேண்டாம், அளவை மறுபடி பாருங்கள்.

வாடிக்கையாளர், அந்த முன்னால் வருகிற பழம் மட்டும் லோகோவுக்குப் பக்கத்தில் வந்து நிற்கட்டும் தம்பி என்று நிச்சயம் கேட்பார். எந்த எஞ்சினாலும் இதைச் சொன்னபடி செய்ய முடியாது. சிமுலேஷனைக் கீஃப்ரேமாக (கையால் திருத்தக்கூடிய அசைவுக் குறிப்பாக) பேக் செய்து, அந்த ஒரு பழத்தின் கடைசி 20 ஃப்ரேமைக் கையால் திருத்துங்கள். திருத்தி முடித்ததும் எல்லாவற்றையும் அலெம்பிக் (அசைவைப் பதிந்து வைக்கும் ஃபைல் வகை) ஆக எடுத்து, ரெண்டர் மெஷினுக்கு அந்த ஃபைலை மட்டும் அனுப்புங்கள், சிமுலேஷன் உள்ள ஃபைலை அனுப்பினால் அங்கே மறுபடி கணக்குப் போட்டுப் பழம் வேறு பக்கம் உருண்டுவிடும்.